கூரி மணல்மேட்டில் சரிந்த கூடாரம்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஆறு பேர். காரைக்குடி, கோட்டையூர், கானாடுகாத்தான் பக்கத்துக்காரர்கள். வயது 24 முதல் 41 வரை. நான்கு பேர் வருடம் தவறாமல் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள், ஆகவே நடைக்கு அஞ்சுகிறவர்கள் இல்லை. பொங்கல் விடுமுறையோடு சில நாட்களைச் சேர்த்து, முதுகுப்பையோடு ராஜஸ்தானின் ஜெய்சல்மர் போவது, டவுனைச் சுற்றிவிட்டுத் தென்மேற்கே கூரி கிராமத்து மணல்மேடுகளில் ஓர் இரவு கூடாரம் போட்டுத் தங்குவது என்று திட்டம். கையில் இருந்தவை: மூவர் படுக்கும் குவிமாடக் கூடாரம் இரண்டு, ஸ்லீப்பிங் பேக் ஆறு, 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு, அங்கேயே வாடகைக்கு எடுத்த கேஸ் அடுப்பு ஒன்று.

இரவு 1.10க்கு ஒரு கூடாரம் முளையோடு பிடுங்கிக்கொண்டு சரிந்து, கழி முறிந்தது. மூன்றரை வாக்கில் ஒருவருக்கு உடம்புச் சூடு இறங்கிப் பேச்சுக் குழறியது. காலையில் மூன்று பேருக்கு மண்டையைப் பிளக்கும் தலைவலி. கேனில் தண்ணீர் அடிமட்டத்தில். யாருக்கும் நிலைத்த கெடுதல் எதுவும் நேரவில்லை.

மூன்றும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை. அந்த அணி வெயிலுக்குத் தயாராகிப் போயிருந்தது. ஆறு தொப்பி, இரண்டு குடை, 20 பாக்கெட் ஓ.ஆர்.எஸ்., வெயில் பூச்சு எல்லாம் இருந்தன. ஆறு பேருக்கும் சேர்த்து ஸ்வெட்டர் ஒன்றே ஒன்று. செட்டிநாட்டுக்காரருக்கு வெயிலைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஜனவரிப் பாலைவனத்தில் ஆளைச் சாய்ப்பது குளிரும் காற்றும். மார்கழியிலும் 18 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வமான ஊரிலிருந்து போகிறவர்களுக்கு அந்த இரண்டும்தான் புதுசு.

டவுன் வரை

ஜெய்சல்மர் போய்ச் சேர்ந்த வரையில் பெரிய பிழை இல்லை. மன்னார்குடியிலிருந்து ஜோத்பூரை ஒட்டிய பகத் கி கோத்திக்கு வாராந்திர ரயில் உண்டு. ரயிலிலேயே இரண்டு இரவுக்கு மேல் கழியும். ஜோத்பூரிலிருந்து இன்னும் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். கேஸ், மண்ணெண்ணெய் எதையும் ரயிலில் ஏற்றக் கூடாது என்பதால் அடுப்பை அங்கே போய் எடுத்துக்கொண்டது சரி.

கோட்டைக்குள் அறை எடுக்காமல் கீழே டவுனில் தங்கியதும் சரியான முடிவுதான். 1156இல் எழுந்த அந்தக் கோட்டைக்குள் இன்றும் குடும்பங்கள் குடியிருக்கின்றன. குழாய்த் தண்ணீர் வந்த பிறகு கழிவுநீர் அடிமண்ணில் இறங்கி, 1990களில் கொத்தளங்கள் சில சரிந்தன. விடுதி அறை கூடக் கூட இறங்கும் நீரும் கூடும். வளவு வாசலில் (வீட்டின் நடுமுற்றத்தில்) விழும் மழையைக்கூட வாய்க்கால் வழி ஊருணிக்கு அனுப்பிய ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. (கோட்டைக்கு வெளியே இருக்கும் கடிசர் ஏரியும் மழைநீரைப் பிடித்து ஊருக்குக் குடிக்கக் கொடுத்த ஊருணிதான், படித்துறையில் உட்கார்ந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது.)

மணல்மேட்டுக்குச் சாம், கூரி என்று இரண்டு பக்கம் போகலாம். சாம் டவுனுக்கு மேற்கே 40 கிலோமீட்டர் வாக்கில். ஜீப், பாட்டு, வரிசையாக நிரந்தரக் கூடாரங்கள் என்று திருவிழாக் கடைத்தெரு போலிருக்கும். கூரி அதைவிட அமைதி. ஆனால் பஸ் குறைவு. திரும்பும் நேரத்தை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆச்சி வீட்டு ஒத்திகை

புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பு, ஒருவரின் ஆச்சி வீட்டு வளவு வாசலில் இரண்டு கூடாரத்தையும் விரித்துப் பார்த்திருக்கிறார்கள். கல் பாவிய தரை, முளை அடிக்க வழியில்லை. அடிக்காமலே கூடாரம் நின்றது. குவிமாடக் கூடாரத்தின் இரண்டு வளைகழிகளும் ஒன்றுக்கொன்று குறுக்கே முட்டுக்கொடுப்பதால் அது தானாகவே நிற்கும். நாலு பக்கமும் சுவரும் தாழ்வாரமும், காற்றுக்கு இடமே இல்லை. ‘நிக்குதுல்ல, போதும்’ என்று மடித்து வைத்துவிட்டார்கள். முளைப்பையின் முடிச்சைக்கூட யாரும் அவிழ்க்கவில்லை.

பார்த்திருக்க வேண்டியது முளையைத்தான். கூடாரத்தோடு வருவது 18 சென்டிமீட்டர் நீளக் கம்பி முளை; செம்மண்ணுக்கும் களிமண்ணுக்கும் ஏற்றது. வீடு கட்டும் இடத்தில் கொட்டிக் கிடக்கும் மணல் குவியலில் அதை ஒருமுறை குத்தி இழுத்துப் பார்த்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஒற்றை விரலால் இழுத்தாலே கையோடு வந்துவிடும்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதம்

கிராமத்திலிருந்து தங்குமிடம் 4 கிலோமீட்டர். பாதயாத்திரை வேகத்தில் ஒரு மணி நேரம் என்று கணக்குப் போட்டு மாலை 3.30க்குக் கிளம்பினார்கள். போய்ச் சேர்ந்தபோது 5.40.

இளகிய மணலில் நடக்கக் கெட்டித் தரையைவிட 2.1 முதல் 2.7 மடங்கு வரை சக்தி செலவாகிறது என்று உடலியக்க ஆய்வுகள் அளந்திருக்கின்றன. ஊன்றும் கால் பின்னால் சறுக்குகிறது, மணலைத் தள்ளுவதிலேயே பாதி உழைப்புப் போய்விடுகிறது. இதில் முதுகில் 15 முதல் 17 கிலோ வேறு. பழனி நடையில் மூட்டை வண்டியில் வந்துவிடும். இங்கே அது முதுகில் வருகிறது என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குதான் வரம்பு: 65 கிலோ ஆளுக்கு 13 கிலோ. மணலில் மணிக்கு 2 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு, சூரியன் மறைவதற்கு 2 மணி நேரம் முன்பே இடத்தில் இருக்கும்படி கிளம்ப வேண்டும். இவர்கள் மதியம் 2 மணிக்கே கிளம்பியிருக்க வேண்டும்.

காற்று வந்து மோதும் சரிவில் மணல் இறுகி, அலை அலையாக வரி விழுந்திருக்கும்; அதில் கால் புதைவது குறைவு. முன்னால் போகிறவரின் காலடியிலேயே அடுத்தவர் மிதித்தால் இன்னும் எளிது. பழைய சாக்ஸின் பாதப் பகுதியை வெட்டிவிட்டு, குழாயாக மிஞ்சுவதைக் கணுக்காலில் மாட்டி ஷூவின் வாய் மேல் இழுத்துவிட்டால் உள்ளே மணல் ஏறாது. வழியில் பத்து முறை ஷூவைக் கழற்றி உதறிய நேரத்தையாவது இது மிச்சப்படுத்தியிருக்கும்.

உச்சியில் போட்டது

தண்ணீர் கேனையும் அரிசி மூட்டையையும் ஏற்றி வந்த ஒட்டகக்காரர் கை காட்டியது இரண்டு மேட்டுக்கு நடுவே கிடந்த தட்டையான இடத்தை. அணியில் இளையவர் மூத்தவரிடம், ‘மேல போட்டுருவோம்ணே, காலைல எந்திரிச்சதும் சூரியன் முகத்துக்கு நேரா வரும்’ என்றார். போட்டோவும் நன்றாக வரும்தானே. மேட்டின் முதுகிலேயே கூடாரம் ஏறியது. ஒட்டகக்காரர் காலை 9 மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு ஊருக்குத் திரும்பினார்.

மணல்மேட்டுக்கு இரண்டு முகம். காற்று ஏறும் பக்கம் சாய்வாக, 10 முதல் 15 டிகிரி. மறுபக்கம் செங்குத்தாக, 32 முதல் 34 டிகிரி. அதற்கு மேல் சரிந்தால் மணல் நிற்காமல் வழிந்துவிடும். சரிவில் ஏறும் காற்று உச்சிக்கு வரும்போது நெருக்குண்டு வேகம் கூடுகிறது. கீழே சட்டையை அசைக்கும் காற்று, மேலே மணலைக் கிளப்பும். மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டினால் மணல் பொரிபோல் துள்ளி ஓடத் தொடங்கும். துள்ளுவதில் பெரும்பகுதி முழங்காலுக்குக் கீழேதான், அதாவது படுத்திருப்பவனின் முகத்துக்கு நேராக.

செங்குத்துச் சரிவின் அடியும் ஆகாது. மேலே கிளம்பிய மணல் முழுக்க அங்கேதான் வந்து விழும்; விடிவதற்குள் கூடாரத்தின் ஒரு பக்கச் சுவர் உள்வாங்கிவிடும். இடையில் உள்ள தட்டை நிலத்தில், செங்குத்துச் சரிவிலிருந்து 15, 20 மீட்டராவது தள்ளி, வாசல் காற்றுக்கு முதுகு காட்டும்படி போடுவதே முறை. ரொம்பப் பள்ளமான குழியில் குளிர்காற்று வந்து தேங்கும் என்பதால் தட்டையின் ஓரமாக, ஓர் ஆள் உயரம் ஏறினாற்போல இடம் பார்ப்பது நல்லது. ஒட்டகக்காரர் காட்டியது கிட்டத்தட்ட அப்படிப்பட்ட இடம்தான்.

அன்று நள்ளிரவுக்குப் பிறகு வடமேற்குக் காற்று எழுந்தது. குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வரும் வானிலைக் கலக்கத்தில் ராஜஸ்தானில் இது நடக்கக் கூடியதே. முதலில் காற்றுப் பக்க மூலையில் இரண்டு முளை வந்தன. அடித்துணி தூக்கிக்கொண்டு, அதனடியில் காற்றுப் புகுந்தது. உள்ளே படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தபோது மூலையை அழுத்திக்கொண்டிருந்த எடையும் போனது. மறுமூலை பிடுங்கிக்கொண்டு கூடாரம் குப்புற மடங்க, ஃபைபர் கழி இணைப்புக் குழலின் வாயருகே நீளவாக்கில் பிளந்தது. மற்றக் கூடாரம் நின்றதற்குக் காரணம் சாமர்த்தியம் அல்ல. அதன் நான்கு மூலையிலும் கனமான முதுகுப்பைகள் கிடந்தன.

தாம்பூலப் பை

ஆறு பேரும் ஒரே கூடாரத்துக்குள் ஒண்டிய பிறகு, அதையாவது காப்பாற்ற வேண்டும். தின்பண்டம் கொண்டுவந்த கல்யாணத் தாம்பூலப் பைகள் ஐந்து இருந்தன. மனகோலத்தையும் மாவுருண்டையையும் ஒரு சட்டையில் கொட்டிவிட்டு, பைகளில் மணலை நிரப்பிப் புதைத்து அதில் கயிற்றைக் கட்டினார்கள். அந்த இரவு செய்த உருப்படியான வேலை அது. பிறகு ஒன்றும் அசையவில்லை.

மணலில் கூடாரத்தை நிறுத்த இதைவிட மலிவான வழி கிடையாது; கூடாரம் ஒன்றுக்கு எட்டு மஞ்சப்பை எடுத்துப் போனால் போதும், எடை ஒன்றுமில்லை. பையில் முக்கால் பங்கு மணல் போடவும், மூன்று கிலோ வரும். கயிற்றைக் கைப்பிடிக் காதில் கட்டக் கூடாது, தையல் விட்டுவிடும். வாயைத் திருகி, திருகியதை மடித்து, அந்தக் கழுத்தில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கவும். கயிறு போகும் திசைக்குக் குறுக்காக ஒரு முழ ஆழத்தில் குழி. ஒரு சாணுக்குக் கீழே மணல் கொஞ்சம் ஈரமாக, கையில் பிடித்தால் பிடி நிற்கும். அந்த மணலில் பை உட்கார வேண்டும். குழியிலிருந்து கூடாரம் நோக்கிக் கயிறு சாய்ந்து வெளியேற ஒரு கை அகலத்துக்குச் சால் கீறவும். சால் கீறாமல் மண்ணைத் தள்ளினால் கயிறு செங்குத்தாக மேலே கிளம்பி, இழுக்கும்போது பையை நேரே மேலே தூக்கும். நிறைய பேர் தவறுவது இந்த இடத்தில். பிறகு மூடி, காலால் மிதித்து, கயிற்றை அதன் போக்கிலேயே உடம்பைச் சாய்த்து இழுத்துப் பார்க்கவும். ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு மேல் நகர்ந்தால் தோண்டி இன்னும் ஆழமாகப் போட வேண்டும்.

பிடிப்பது பையின் மூன்று கிலோ அல்ல, அதன் மேல் கிடக்கும் மணல். பை வெளியே வர அந்த மணல் முழுவதையும் பிளக்க வேண்டும். அதே பையைப் புதைக்காமல் மூலையில் சும்மா வைத்தால் சறுக்கிக்கொண்டு போகும்.

40 லிட்டர் போன வழி

இரவு 9 மணிக்குள் செலவான கணக்கு: அரிசி களைய 5 லிட்டர், உலை வைக்க 4, சுக்குக் காப்பி 3, பாத்திரம் கழுவ 9, கைகால் கழுவவும் ஒதுங்கவும் 6, ஆறு பேர் குடித்தது 6. ஆகமொத்தம் 33. மீதி 7 லிட்டர், மறுநாள் காலை வரை.

பார்க்க வேண்டிய எண் கடைசியில் இருக்கும் 6. மதியத்திலிருந்து ஆளுக்கு ஒரு லிட்டர்தான் உள்ளே போயிருக்கிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை முதுகில் வழிந்து ஞாபகப்படுத்தும். வறண்ட குளிர்காற்றில் அது தோலிலேயே காய்ந்துவிடுகிறது, தாகமும் எடுப்பதில்லை. சிறுநீர் தேநீர் நிறத்துக்கு வந்த பிறகுதான் தெரியும். தலைவலி அதனால் வந்தது.

பாத்திரத்துக்கு 9 லிட்டர் என்பதை அந்தப் பக்கத்துக்காரர்கள் கேட்டால் வாயைப் பிளப்பார்கள். அங்கே எச்சில் பாத்திரத்தை மணல் போட்டுத் தேய்த்து, தட்டி, துணியால் துடைத்து வைப்பார்கள். எண்ணெய்ப் பிசுக்கை மணல் நன்றாகவே இழுக்கும். அரிசியை ஊரிலேயே களைந்து காயவைத்து எடுத்துப் போகலாம், அல்லது அவல், ரவை என்று மாற்றிக்கொள்ளலாம். புளிக்காய்ச்சல் பாட்டில் ஒன்று இருந்தால் குழம்பு வேலையே இல்லை. குடிக்க மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்று தனிக் கேனில் ஒதுக்கி, அதைச் சமையலுக்குத் தொடக் கூடாது. இரண்டு கேனையும் பொதுவில் வைத்ததுதான் இங்கே நடந்த குளறுபடி.

அடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. காற்றுக்குப் பயந்து குழி தோண்டி உள்ளே வைக்கத் தோன்றும். கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் குழியில் தேங்கி நிற்கும். முதுகுப்பைகளை மூன்று பக்கமும் ஒரு முழம் தள்ளி அணைகட்டினால் போதும். கூடாரத்துக்குள் எரிப்பது கூடவே கூடாது.

நீண்ட இரவு

மதியம் 3 மணிக்கு 27 டிகிரி காட்டிய சின்னத் தெர்மாமீட்டர் காலை 6.30க்கு 6 காட்டியது. காற்றில் ஈரம் குறைவு, மேகம் இல்லை. பகலில் வாங்கிய சூட்டை மணல் அப்படியே வானத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

இதோடு கடிகாரம் செய்த குழப்பம் ஒன்று. நாடு முழுக்க ஒரே மணி என்றாலும் ஜெய்சல்மர் மேற்கே வெகுதூரம். ஜனவரி நடுவில் காரைக்குடியில் 6.40 வாக்கில் விடியும். அங்கே ஏழரைக்கு மேல். இரவு 13 மணி நேரத்துக்கும் அதிகம். சூரியோதயம் பார்க்க 5.45க்கு அலாரம் வைத்து வெளியே வந்தவர்கள், இரவிலேயே குளிர் உச்சத்தில் இருந்த ஒன்றே முக்கால் மணி நேரத்தை மேட்டு உச்சியில் நின்று கழித்தார்கள்.

குழறியவர் நடையில் நனைந்த பருத்தி பனியனை மாற்றாமலே படுத்தவர். ஈரப் பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அடியில் விரித்தது ஜமுக்காளம். உடம்பு எடையில் அது நசுங்கி, குளிர்ந்த மணலுக்கும் முதுகுக்கும் நடுவே ஒன்றுமே இல்லாதது போலாகிவிட்டது. குளிர் மேலிருந்து வருவதாக நினைத்து மேலே போர்வையை அடுக்கினார்கள். சூடு போய்க்கொண்டிருந்தது கீழே. 8 முதல் 10 மில்லிமீட்டர் கனத்தில், ஈரம் குடிக்காத ஃபோம் பாய் ஆளுக்கொன்று கட்டாயம். ஸ்லீப்பிங் பேக்கில் ‘கம்ஃபர்ட்’, ‘லிமிட்’ என்று இரண்டு எண் போட்டிருக்கும். லிமிட் என்பது சுருண்டு படுத்துச் சமாளிக்கக் கூடிய எல்லை. கடைக்காரர் அதைத்தான் சத்தமாகச் சொல்வார். தார் பாலைவனத்து ஜனவரிக்குக் கம்ஃபர்ட் எண் 5 டிகிரியோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும்; இவர்கள் வாங்கியது 15.

அவருக்குச் செய்த சிகிச்சை சரியாகவே இருந்தது. ஈரத் துணியைக் கழற்றி, இருந்த ஒரே ஸ்வெட்டரைப் போட்டு, இருபுறமும் ஆள் படுத்து, கருப்பட்டி கரைத்த வெந்நீரைச் சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுத்தார்கள். எவர்சில்வர் பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்து வைத்தார்கள். கைகாலைப் பரபரவென்று தேய்ப்பதும் ‘சூட்டுக்கு’ என்று மது கொடுப்பதும் செய்யக் கூடாதவை. இரண்டும் வெளித்தோலுக்கு ரத்தத்தை இழுத்து உள்சூட்டை இறக்கும். நடுக்கம் தானாக நின்றுபோய் ஆள் தூங்க ஆரம்பித்தால் தேறிவிட்டார் என்று அர்த்தமில்லை, நிலைமை முற்றுகிறது. அங்கிருந்து உடனே டவுன் மருத்துவமனைதான். படுக்கும் முன் நெய் மாவுருண்டை இரண்டு தின்றுவிட்டுப் படுப்பது வீண் பேச்சல்ல. கொழுப்பும் சர்க்கரையும் இரவு முழுக்க உள்ளே எரியும்.

பாம்பு, விறகு

அணி அதிகம் பயந்தது பாம்புக்கு. கூடாரத்தைச் சுற்றிப் பூண்டுச்சாறு தெளித்ததாகக் கேள்வி. 6 டிகிரியில் பாம்பு வளைக்குள் மரத்துக் கிடக்கும், பூண்டு எந்தக் காலத்திலும் அதைத் தடுக்காது. கோடையிலும் மழைக்காலத்திலும் போகிறவர்களுக்கு இது வேறு கதை. நம் பக்கத்துச் சுருட்டை விரியனின் பெரிய உறவு ஒன்று தாரில் இருக்கிறது. இந்தியாவின் விஷமுறிவு மருந்து பெரும்பாலும் தமிழ்நாட்டில் எடுக்கப்படும் நஞ்சிலிருந்து தயாராவதால், மேற்கு ராஜஸ்தான் சுருட்டைக் கடிக்கு அது அவ்வளவாகக் கேட்பதில்லை என்று அங்குள்ள மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே இரவில் டார்ச் இல்லாமல் கால் வைக்கக் கூடாது. எந்தப் பருவத்திலும் ஷூவை உதறிவிட்டே மாட்டவும், தேள் இருக்கும்.

குளிருக்கு நெருப்பு மூட்டப் பக்கத்திலிருந்த மரத்தில் கிளை ஒடிக்கப் போனதையும் சொல்ல வேண்டும். அது கேஜ்ரி, நம் கோயில்களில் தல மரமாக நிற்கும் வன்னி. 1730இல் ஜோத்பூர் அருகே கேஜர்லியில் அந்த மரத்தை வெட்ட விடாமல் கட்டிப்பிடித்து 363 பிஷ்னோய் மக்கள் உயிர் கொடுத்திருக்கிறார்கள். கிராமத்துக்காரர் கண்ணில் பட்டால் சும்மா விடமாட்டார். விறகு வேண்டுமென்றால் சிவகங்கைச் சீமையைப் போலவே அங்கும் மண்டிக் கிடக்கிற சீமைக் கருவேலத்தின் சுள்ளியைக் கிராமத்திலேயே காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். அதுவும் பாலைவனத் தேசியப் பூங்காவின் எல்லைக்குள் தீ மூட்டக் கூடாது. கானமயில் முட்டையிடும் நிலம் அது. எந்த இடம் உள்ளே, எது வெளியே என்பதைக் கிராமத்தில் கேட்டுத்தான் கூடாரம் போட வேண்டும். எல்லை மாவட்டம் என்பதால் ட்ரோனை ஊரிலேயே விட்டுவிடவும்.

திரும்பி வந்த சாமான்களில் கூடாரத்தின் இரண்டு ஜிப்பும் பல் பிடித்து நின்றுவிட்டன. தேங்காய் எண்ணெய் போட்டதால் மணல் மாவாகக் குழைந்து இன்னும் இறுகிவிட்டது. ஜிப்பைக் காய்ந்த பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து, தலைகீழாகப் பிடித்துத் தட்டி, மணல் போன பிறகு மெழுகுவர்த்தியை லேசாக ஓட்டினால் ஓடும். பிளந்த கழிக்குப் பத்து சென்டிமீட்டர் அலுமினியக் குழலை வெளியே செருகி, இருமுனையிலும் டேப் சுற்றினால் போதும். அந்தக் குழல் துண்டு ஒன்றை அடுத்த முறை முளைப்பையிலேயே போட்டு வைக்கலாம்.